முடி அகலம்

புதுவயல் ஆலையில்
நிறம் பிரிக்கும் மிஷின் நின்று நாலு நாள்.
கறுத்த அரிசியைக் கண்டால் ஊதித் தள்ளுகிற மிஷின்
இப்போது எல்லா அரிசியையும் ஒன்றென்று விட்டுவிடுகிறது.
புது போர்டு வர மூன்று வாரம் என்றார்கள் கோவையில்.
சாத்தப்பன் அந்த மூன்று வாரத்தை
மூட்டைக் கணக்கில் பெருக்கிச் சொன்னார்.
நானே செய்து தருகிறேன் என்று
என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது வாய்.

கழனிவாசல் வாடகை வீட்டில்
சமையலறை ஜன்னல்தான் சின்னது.
அதிலும் ஒரு போர்வை. உள்ளே மஞ்சள் பல்பு மட்டும்.
இந்தப் படலம்
டியூப்லைட்டையே பகலென்று நம்பிவிடும்.

செம்புத் தகட்டைப் பாத்திரப் பொடியால் தேய்த்தேன்,
தண்ணீர் முத்துக்கட்டாமல்
பாய் விரித்தாற்போல் படரும்வரை.
படலத்துக்கு இரண்டு உடுப்பு.
முதலாவதை உரிக்க, முன்னும் பின்னும் டேப் ஒட்டி
வெடுக்கென்று இழுக்க வேண்டும்.
பிறகு இஸ்திரிப் பெட்டி.
முதல் தகட்டில் அம்மை போட்டதுபோல் கொப்புளம்.
இரண்டாவது பாதியில் கரண்ட் போனது.
மூன்றாவதைப் பார்த்து
சவரிமுத்து ஒன்றும் சொல்லவில்லை.
அவர் பாஷையில் அது பாராட்டு.

பிலிமில் அச்செடுத்துத் தந்த ஜெராக்ஸ் பையன்
எந்த ஊர் மேப்புக்கா என்றான்.
அதை அழுத்திப் பிடிக்க
ஆத்தங்குடியில் பூக்கல் வார்க்கிற கண்ணாடி,
முனை போனது, இருபது ரூபாய்.
நகப்பூச்சு காயவைக்கும் விளக்கு
தெய்வானை பார்லரிலிருந்து இரவல்.
சனிக்கிழமை கல்யாணப் பெண் வருகிறாள்,
அதற்குள் வந்துவிட வேண்டும் என்றாள்.
தொண்ணூறு விநாடி.
வெளிச்சம் பட்ட இடம் இறுகும், நிற்கும்.
நிழல் விழுந்த இடம் கரையும்.
அவ்வளவுதான் சட்டம்.

போர் தண்ணீரில் சலவை சோடா
திரிந்த பாலாகிவிட்டது. கேன் தண்ணீர் வாங்கினேன்.
இரண்டாம் உடுப்பைக் கழற்றி முக்கினால்
வேண்டாத நீலம் மெல்ல வழுக்கி இறங்கியது.
அப்புறம் ஐஸ்கிரீம் டப்பாவில் பெர்ரிக் குளோரைடு.
சவரிமுத்து ஆட்டிக்கொண்டே இருந்தார்.
தரையில் ஒரு சொட்டு,
வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது தெரியவில்லை.

காஸ்டிக் சோடாவில் மிச்சப் படலமும் உரிந்தபோது
செம்பு அத்தனையும் பளிச்சென்று,
வழிதவறாத வழிகள்.
மல்டிமீட்டரை வைத்தேன்.
கூவ வேண்டியது கூவவில்லை.

லென்ஸில் பார்த்தால்
மூன்று தடங்களைக் குறுக்கே அறுத்துக்கொண்டு
ஒரு வளைவு.
நாலாவது, ஐந்தாவது தடங்களிலும் அதே வளைவு,
ஆனால் அங்கே அறுக்கவில்லை,
இளைக்க மட்டும் வைத்திருந்தது.

ஓடிப்போய்க் கண்ணாடியைத் திருப்பினேன்.
ஒட்டிக்கொண்டிருந்தது, முடி.
சவரிமுத்துவுக்குத் தலையில் ஒன்றுமில்லை,
எனவே விசாரணை சீக்கிரம் முடிந்தது.
ஒரு முனை கறுப்பு, மறு முனை நரை.
கறுப்பு வெளிச்சத்தை மறித்திருக்கிறது.
நரை கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது.
எனக்கு நரை வந்திருப்பதை
ஒரு போர்டு சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அறுந்த மூன்றையும் ஈயத்தால் தைத்தேன்.
இளைத்த இரண்டுக்கும் மேலே ஒரு பூச்சு.
மறுபடி தொட்டபோது மீட்டர் கூவியது,
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

வியாழன் மதியம் மிஷின் ஓடியது.
வெள்ளை ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம்,
ஊதல் தப்பாமல்.
அந்த முடியை உள்ளே போட்டால்
எந்தப் பக்கம் தள்ளும் என்று நினைத்து
தனியாகச் சிரித்தேன்.

சாத்தப்பன் நோட்டை எண்ணியபடியே கேட்டார்,
கையிருப்புக்கு இன்னொன்று செய்து வைக்க முடியுமா.
முடியும் என்றேன்.
போகிற வழியில்
தலைக்குக் கட்ட ஒரு துண்டு வாங்க வேண்டும்.