நடுவே அறுநூற்றுப்பத்துப் பேர்

பட்டியல் இரவு பதினொன்றரைக்கு வந்தது.
கர்ட் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான்,
என்னைக் கூப்பிடவில்லை.
மில்வாக்கி நகராட்சியின் பனித்தள்ளு வண்டி
எங்கள் தெருவை மட்டும் விட்டுவிட்டுப் போனது.

நான் சேர்ந்தது இரண்டாயிரத்து ஒன்று, மார்ச்.
பத்தொன்பது இருக்கை, கழிப்பறை கிடையாது.
இறக்கையில் உறைந்ததை நானே கரைப்பேன்,
பெட்டிகளை நானே ஏற்றுவேன்,
பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு
வணக்கம் சொல்வேன்.
அந்த வருடம் கர்ட்
ரசீனில் ஒரு டயர் கடையில் இருந்தான்.
ஆறு வருடம் கழித்துத்தான் சேர்ந்தான்;
சேர்ந்த கம்பெனி பெரியது.
அது எங்களை வாங்கியது
ஒரு செவ்வாய்க்கிழமை, பங்குச்சந்தை திறக்குமுன்.

நடுவர் நியாயஸ்தர் என்கிறார்கள்.
டென்வர் ஓட்டலில் பதினான்கு நாள்
இரு தரப்பையும் கேட்டார்.
சேர்ந்த தேதி என்றோம் நாங்கள்.
விமானத்தின் பருமன் என்றார்கள் அவர்கள்.
தீர்ப்பின் நாற்பத்தோராம் பக்கத்தில்
'எதிர்பார்ப்பு' என்று எழுதியிருக்கிறார்:
இணையாதிருந்தால்
யார் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று.
நடக்காத வாழ்க்கையை அளந்து
நடந்த வருடங்களில் கழித்துக்கொண்டார்.
மூப்பு எனக்குத் தலைமுடியில் வந்துவிட்டது,
தாளில் வரவில்லை.

கர்ட் 1,338.
நான் 1,949.

'வெறும் எண்தானே, ரெனாட்டா' என்றான்.
சின்ன எண் கிடைத்தவர்கள்
அப்படித்தான் சொல்கிறார்கள்.

அன்றிரவு கட்டிலில்
நடுவே அறுநூற்றுப்பத்துப் பேர் படுத்தார்கள்.
பாதிப் பேரைத் தெரியாது.
சிமுலேட்டரில் என்ஜின் அணைந்ததும்
அம்மாவைக் கூப்பிட்ட பையன் அதில் ஒருவன்.
1,702, லாயல் ஷ்ரோடர்,
நவம்பரில் இறந்துவிட்டான்.
கணக்கெடுத்த தேதி அக்டோபர் முப்பத்தொன்று,
ஆகையால் இருக்கிறான்,
எனக்கு முன்னால் இருக்கிறான்.
அவன் பெயரை அடிக்கும் நாளில்
நான் ஒரு படி ஏறுவேன்.
அவன் வீட்டுக்கு உருளைக்கிழங்கு சாலட்
கொண்டுபோனவள் நான்தான்,
பாத்திரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

டிசம்பர் அட்டவணை:
கிறிஸ்துமஸ் அவனுக்கு விடுமுறை.
எனக்கு ஃபார்கோ, இரவு விமானம்,
மொத்தம் இருபத்திரண்டு பயணிகள்,
அதில் ஒருவர் மட்டும் வாழ்த்துச் சொன்னார்.

காலையில் வீடு திரும்பினேன்.
என் கார் நிற்கும் பக்கத்தில்
தரை தெரியப் பனியை வாரியிருந்தான்.
அவன் பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது.
ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்
கையில் இரண்டு கோப்பையோடு.

நான் அவன் பக்கத்தில் நிறுத்தினேன்,
பனியின் மேலேயே.