இரண்டாவது தாள்

முதல் தாளை நான் எழுதவில்லை.
சாந்தியாகோவில் யாரோ தட்டச்சு செய்து
எல்லாச் சுகாதார நிலையங்களுக்கும் அனுப்பியது.
நான் பெயரை மட்டும் நிரப்பினேன்:
ஆர்னோல்டோ சிகுவாய், எழுபத்தொன்பது,
படகுத்துறையில் சீட்டுக் கிழித்து ஓய்வுபெற்றவர்,
தனியாள். சர்க்கரை, பதினாறு வருடமாக.

காலையில் பாதாம் ஆறு.
மதியம் கீன்வா, பச்சைக் காய்கறி,
வெண்ணெய்ப்பழம் பாதி.
உருளைக்கிழங்கு என்ற சொல்லின் மேல்
சிவப்பில் ஒரு கோடு.

அந்தக் கோட்டைச் சிலோயே தீவில் போட்டேன்,
கறுப்பு, ஊதா, விரலாய் வளைந்தது, முண்டும் முடிச்சுமானது என்று
கிழங்குக்குக் கிழங்கு பெயர் வைத்திருக்கும் மண்ணில்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை.
தாளை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
நாற்பது வருடம் பிறர் சீட்டைச் சரிபார்த்தவர்,
தன் சீட்டில் இல்லாத ஊருக்குப் போகமாட்டார்.

கடையில் பாதாம் இல்லை.
கீன்வாவா, கோழிக்குப் போடவா என்றாளாம் கடைக்காரி.
பச்சைக் காயை மெல்லக் கீழ்ப்பல் வேண்டும்;
அது போன ஆகஸ்டில்
கண்ணாடித் தம்ளரோடு விழுந்து உடைந்துவிட்டது.
தாள் தடுத்ததைத் தொடவில்லை,
தாள் சொன்னது கிடைக்கவில்லை.
மாத்திரையை மட்டும்
வேளை தவறாமல் விழுங்கியிருக்கிறார்.

மூன்றாம் வாரம், புதன்கிழமை,
இரவல் வாங்கிய வாளியைத் திருப்பித் தர
ரோசால்பா கொலிவோரோ வந்திருக்கிறாள்.
அணைந்த விறகடுப்பின் அருகே தரையில் கிடந்தார்,
சட்டையெல்லாம் வியர்வை,
அவளை இறந்துபோன தம்பியின் பெயரால் அழைத்தபடி.
நான் விரலில் குத்திப் பார்த்தபோது
நாற்பத்தொன்று.

எடை நாலரைக் கிலோ குறைந்திருந்தது.
தராசு சொல்வதற்கு முன்பே
பெல்ட் சொல்லிவிட்டது:
ஆணியால் குத்திய புது ஓட்டை,
கோணலாக,
நான் கொடுத்த தாளை
அவர் எவ்வளவு நேர்மையாகக் கடைப்பிடித்தார்
என்பதற்கான அத்தாட்சி.

அடுத்த படகில் வெறுங்கையோடு போனேன்.
அவர் சமையலறையில் உட்கார்ந்தேன்.
முதலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.
எப்போது பசிக்கும் என்று கேட்டேன்.
மழை விட்டதும், என்றார்.
இந்த ஊரிலா?
அதனால்தான் இளைத்துவிட்டேன், என்றார்.

அவருடைய மீன் தராசிலேயே கிழங்கை நிறுத்தோம்.
கோழிமுட்டை அளவில் இரண்டு,
நேற்றே வேகவைத்து ஆறவிட்டது;
ஆறிய கிழங்கு ரத்தத்தில் கொஞ்சம் மெதுவாக நடக்கும்.
கூடவே ஒரு கை சிப்பி,
பட்டாணியோடு குழைய வெந்த கடற்பாசி,
இவை இரண்டுக்கும் பல் வேண்டாம்,
பணமும் வேண்டாம், கடல் வடிந்தால் போதும்.
ரொட்டி பாதி. மாத்தே எத்தனை முறை வேண்டுமானாலும்,
சர்க்கரை போடாமல்.
ஆனால் சட்டைப்பையில், பழைய தாள் இருந்த இடத்தில்,
எப்போதும் நாலு சர்க்கரைக் கட்டி.

மருத்துவர் மாத்திரையை மாற்றினார்.
ஏழு என்று இருந்த இலக்கை
நான் கேட்க, எட்டாக்கினார்.
இந்த வயதில் எண் அழகாக இருப்பதைவிட
ஆள் நின்றுகொண்டிருப்பது நல்லது.

பன்றிக்கொழுப்பில் பொரித்த மில்காவோ?
ஞாயிற்றுக்கிழமை, ஒன்று.
ஒன்றா?
ஒன்று.
தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு,
எவ்வளவு பெரியது என்று
இதில் போடவில்லையே, என்றார்.
நாற்பது வருடப் பழக்கம்.
நான் பேனாவை மூடிவிட்டேன்.

ஜூனில் அவருடைய நோட்டைத் திறந்தேன்.
கட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன், எண் எழுத மட்டும்.
செவ்வாய் 168, மழை.
வியாழன் 141, மழை, ரோசால்பாவின் ஆடு வேலி தாண்டியது.
சனி 155, தெற்குக் காற்று, படகு இல்லை.
ஞாயிறு:
எண் இல்லை.
வெயில்.