பதின்மூன்றாம் வாசல்

கேட்டால் மணி சொல்லும்.
அவ்வளவுதான் அதன் வேலை.
தேதி, மணி, நிமிடம், நொடி.
சொன்னதும் கதவைச் சாத்திக்கொள்ளும்.
யார் நீ என்று கேட்காது.

டார்ட்டுவில், பல்கலைக்கழகக் கணினி மையத்தின் நிலவறையில்
அதை ஓடவிட்ட நாட்களில்
மாஸ்கோ நேரத்தைச் சுவரிலிருந்து கழற்றி
அதிக காலம் ஆகியிருக்கவில்லை.
நான் அப்போது வாய்ப்பாட்டோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்,
ஏழாம் வாய்ப்பாடு.

பழைய வாசல், ஓட்டை விழும், பூட்டிவிடலாம் என்றாள் மர்யு.
யாராவது வருகிறார்களா,
எண்ணிச் சொல்.

எண்ணினேன்.
நாளொன்றுக்கு ஆயிரத்து நானூற்று நாற்பத்தேழு.
திரையில் போட்டபோது எனக்கே கொஞ்சம் பெருமை.
கோடு ஏறவுமில்லை இறங்கவுமில்லை,
இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி.
ஹெல்டுர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் என்றார்.

ஆயிரத்து நானூற்று நாற்பது.

உயிரோடு இருக்கிறதா என்று
நிமிடத்துக்கொரு தரம் தொட்டுப் பார்ப்பது
நாங்களே வைத்த நிரல்.
நாடி பிடித்த விரலின் துடிப்பைத்தான்
நோயாளியின் துடிப்பென்று
பத்தொன்பது வருடமாக எழுதி வந்திருக்கிறோம்.

மீதி ஏழு.
அதில் ஆறு, தெருத்தெருவாகப் பூட்டை ஆட்டிப் பார்த்துப் போகிறவை.
மணி கேட்க வந்தவை அல்ல.

ஒன்று மட்டும்
தினமும் விடிகாலை 4:17க்கு வரும்.
கேட்கும். வாங்கிக்கொள்ளும். போய்விடும்.
ஹீயுமா தீவுப் பக்கம் ஏதோ ஒரு கைபேசி இணைப்பு.
யாருடையது என்றதற்குத் தொலைபேசி நிறுவனம்
சட்டப் பிரிவின் எண்ணைச் சொன்னது.

நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
0.07 என்றது விரிதாள்.
முழு எண்ணாக்கு என்றேன்.

நவம்பர் கடைசியில் பூட்டினோம்.
இரண்டு வாரம் பார்ப்போம், யார் கத்துகிறார்கள் என்று.
யாரும் கத்தவில்லை.
கத்தத் தெரிந்தவர்களிடம்
வேறு கடிகாரம் இருக்கும்.
'பயனர்: பூஜ்யம்' என்று குறிப்பெழுதியது
நான்தான்.

மறுநாள் தடுப்புச்சுவரின் பதிவேட்டில்
4:17:02.
அடுத்த நாள்
4:17:04.
வந்திருக்கிறது. தட்டியிருக்கிறது.
பதில் இல்லாததால்
தன் சொந்தக் கணக்கை நம்பித் திரும்பியிருக்கிறது.
அதன் கணக்கோ
நாளுக்கு இரண்டு நொடி மெதுவாக நடக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு அது ஒரு நிமிடம் பின்தங்கியிருந்தது.
ஆறு உறைந்தது. அதன் மேல் நாய்கள் ஓடின.
ஆறு உடைந்தபோது மூன்றரை நிமிடத்துக்கு மேல்.
அங்கே எதை இயக்குகிறதோ, எதைத் திறக்கிறதோ, எதற்கு வெளிச்சம் போடுகிறதோ,
எல்லாம் அந்த அளவு தாமதமாக.
அல்லது எதுவும் இல்லை.
வீடு மாறிப் போனவர்கள்
அணைக்க மறந்த பெட்டியாகவும் இருக்கலாம்.

மார்ச் கடைசி ஞாயிறு
நாடே முள்ளை ஒரு மணி முன்னே தள்ளியது.
அதற்குச் சொல்லத்தான் ஆளில்லை.
5:21க்கு வந்து தட்டியது.

விரிதாளில் ஒரு பத்தி கூட்டியிருக்கிறேன்.
தலைப்பு வைக்கவில்லை.
பயன்பாடு என்று போட முடியாது.

இந்த வியாழக்கிழமை இருபத்தொன்றாம் வாசலாம்.
எண்ணிச் சொல் என்கிறாள் மர்யு.
நேற்றே தொடங்கிவிட்டேன்,
முதலில் எங்கள் விரலைக் கழித்துவிட்டு.