உப்பிட்டவர்

கொட்கா துறைமுகத்துக்குப் பின்னால், எஃப்.சி. நிலையத்தில்
பகலெல்லாம் துருவைத் தேடுவது என் வேலை.
குழிக்குள் நின்று அண்ணாந்து
சுத்தியலால் தட்டுவேன்.
நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும்.
கெட்டது, ஊறிய ரொட்டி மாதிரி,
ஒன்றும் சொல்லாது.

இரவில் அதே துருவை
நானே செய்கிறேன்,
சமையலறை மேசையில்,
இருபத்துநான்கில் ஒன்றாக.

அளவுதான் தொல்லை.
காரைச் சுருக்கிவிடலாம், உப்பைச் சுருக்க முடியாது.
ஒரு கல் உப்பு இந்தக் கூரையில் கிடந்தால்
உள்ளே இருப்பவருக்கு அது முஷ்டியளவுப் பாறை.
கரண்டி முதுகால் நசுக்கி
தேயிலை வடிகட்டியில் சலித்துக்கொள்கிறேன்.

முதலில் துரு.
ஆமாம், இங்கே துருதான் முதலில்:
பழுப்பு, அதன்மேல் செங்கல், ஓரங்களில் துளி ஆரஞ்சு.
ஆரஞ்சில் கை மீறினால் பொம்மையாகிவிடும்.
காய்ந்ததும் தண்ணீர் தொட்டு
சக்கர வளைவுகளில் உப்பைத் தூவுகிறேன்.
அதன்மேல் நீலம்,
பதினேழு கோடைகள் குடித்து
மிச்சம் வைத்த நீலம்.

மறுநாள் பழைய பல் பிரஷால் தேய்த்தால்
உப்பு உதிர்கிறது, நீலத்தையும் கூட்டிக்கொண்டு.
கீழே காத்திருந்தது
வெளியே வருகிறது.

ஹமினா சாலையில் கொட்டுவதும் இதே உப்புதான்,
நவம்பர் தொடங்கி, லாரி லாரியாக,
நாங்கள் வழுக்கிச் சாகாமல் இருக்க.
உப்பிட்டவரை
உள்ளளவும் நினைக்கிறது இரும்பு;
உள்ளே இருக்கும் அளவு
தீரும்வரை.

அந்த டாட்சனைத் தகுதியற்றது என்று
பிப்ரவரியில் எழுதியவள் நான்.
ஔலிஸ், மீன் புகைபோடுகிறவர்.
வாதாடவில்லை. தொப்பியைக் கழற்றினார்,
மறுபடி போட்டுக்கொண்டார்.
"வெல்டிங் வைத்தால்?"
"எதோடு வைப்பீர்கள்?" என்றேன்.
சரியான கேள்விதான்.
அன்று இரவு தூக்கம் வரவில்லை.
மார்ச்சில் அதை நசுக்கிக் கட்டியாக்கிவிட்டார்கள்.

பின்கதவில் மீன்பெட்டி உராய்ந்த கீறல்கள், வெள்ளைப் பென்சிலால்.
முன்கண்ணாடியில் சாம்பல் சுண்ணப்பொடி,
வைப்பர் துடைத்த இரண்டு அரைவட்டங்களை மட்டும் விட்டு.
புகை வாசத்துக்கு வழி தெரியவில்லை.
கடைசியில் கவிழ்த்து
ஓட்டுநர் பக்க அடித்தட்டில்
சூடான ஊசியால் ஒரு குத்து,
என் சுத்தியல் போன வழி.
யாரும் பார்க்காத இடம்.
ஆனால் யாரும் பார்க்காத இடத்தைப் பார்ப்பதற்குத்தானே
எனக்குச் சம்பளம்.

அக்டோபரில் வெள்ளி நிறக் கரோலாவோடு வந்தார்.
எல்லாம் சரி, கையெழுத்துப் போட்டேன்.
காகிதத்தோடு
ஒரு செருப்புப் பெட்டியையும் தள்ளினேன்.

மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பின்கதவை மோந்து பார்த்தார்.
பிறகு, நான் நினைக்கவே இல்லை, கவிழ்த்தார்.
ஓட்டையின் விளிம்பை நகத்தால் தடவி
"இது பக்கம் மாறியிருக்கிறது" என்றார்.

"இல்லையே."

"ஐலி உட்காரும் பக்கம் அது.
காலுறை நனைகிறது என்று திட்டுவாள்.
ரப்பர் பாய் போட்டு மூடியிருந்தோம்."

கோப்பைத் திறந்தேன்.
வலது, முன்புறம்.
என் கையெழுத்து.

ஆக அது மறுபடி என் மேசையில்.
இடப்பக்க ஓட்டைக்குப் பட்டி பார்க்கிறேன்,
உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன்,
பிப்ரவரியில் முடியாது என்று நான் சொன்ன வேலை.
பிளாஸ்டிக்கோடு எல்லாமே ஒட்டுகிறது.

வலப்பக்கம் ஊசி வைக்குமுன்
ஒன்று கேட்டிருக்க வேண்டும்:
அந்த ரப்பர் பாய்
என்ன நிறம்.

கரோலாவுக்கு அடுத்த எஃப்.சி.
வரும் அக்டோபரில்தான்.