எர்மீட்டாஸின் கணக்கு

முரோஸ் துறைமுகத்தில், ஐஸ் தொழிற்சாலைக்கு மேல்மாடியில்
எனக்கும் பிரெய்ஷோவுக்கும் ஒரே அறை, ஒரே வடக்கு ஜன்னல்.
அவன் ஒரு மத்தி மீனுக்கு ஒன்பது நாள் எடுப்பான்,
செதில் செதிலாய்.
நாறத் தொடங்கியதும் இன்னொன்று வாங்கிவந்து
புது மீனைப் பார்த்துப் பழைய மீனைத் தொடர்வான்.
நான் சந்தை முழுவதையும்
மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவேன்,
பாதி துணியில், மீதி என் கால்சட்டையில்.

"உன் படகெல்லாம் மூழ்குகிறது" என்பான்.
"உன்னுடையது கட்டிப் போட்டது" என்பேன்.
பிறகு ஒரே பாட்டிலில் குடிப்போம்.

பிப்ரவரி மழையில் எர்மீட்டாஸ் படியேறி வந்தாள்.
செத்துப்போன எலாடியோவை வரைய வேண்டும்.
பிரெய்ஷோவின் விலை கட்டாது, அதனால்தான் என்னிடம்;
அவள் அதை மறைக்கவில்லை.
தந்த புகைப்படத்தில் அவன் கண் பாதி மூடியிருந்தது,
கை கோட்டுப் பைக்குள்.

புகைப்படத்தைக் கவிழ்த்து வைத்தேன்.
இருபது வருடம் அவனைத் துறையில் பார்த்தவன் நான்.
காற்று வருமுன்பே சாயும் தோள் அது.
அகலத் தூரிகை, நீர்த்த நீலம்,
கழுத்துக்கு ஒரே இழுப்பு,
வலக்கைக்கு ஒரு தீற்றல்,
கயிறு எங்கே முடிந்து விரல் எங்கே தொடங்குகிறதென்று
எனக்கே தெரியாது.
நானே சொல்லக் கூடாது, நன்றாக வந்தது.

எர்மீட்டாஸ் நெடுநேரம் நின்றாள்.
"அவன்தான். இந்தத் தோள்தான்
கதவைத் தட்டாமல் உள்ளே வரும்."
பிறகு கையருகே குனிந்தாள்.
"விரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயே."

மோதிரவிரல். வின்ச்சில் சிக்கிப் போனது,
மோதிரத்தோடு, கல்யாணமாகி நாற்பதாம் நாள்.
முப்பத்தொரு வருடம் மிச்சக் கையால்
ரொட்டி அறுத்தான், மகளுக்குப் பொத்தான் போட்டான்,
இருட்டில் என் முதுகைத் தேடினான், என்றாள்.
"இதில் எத்தனை என்று யாருக்குத் தெரியும்?
ஐந்தாகவும் இருக்கலாம்."

இருப்பதைக் கரைக்க எனக்குத் தெரியும்.
இல்லாததைக் காட்ட
அதன் இருபுறமும் இருப்பவற்றை
ஒழுங்காக எண்ணியாக வேண்டும்.

பிரெய்ஷோ திரும்பிப் பார்க்காமலே
தன் மிகச் சிறிய தூரிகையை நீட்டினான், மூன்றே மயிர்.
பதினொரு நாள்.
மூன்று விரல், ஒரு கட்டைவிரல், நகத்தடியில் தார்,
நடுவே தழும்பு மூடிய முனை.
மற்றதெல்லாம் ஈரமாக, அப்படியே.

படம் இப்போது எதனோடும் சேரவில்லை.
கை ஒருவனுடையது,
உடம்பு வானிலையுடையது.
எர்மீட்டாஸ் அதைத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டு
உறையை மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

நான் பிரிக்கவில்லை.
பிரெய்ஷோதான் எண்ணிப் பார்த்தான்.
ஒரு நோட்டு குறைந்தது.