கேட்க மட்டும்

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை.
வள்ளத்து செட்டுகளுக்குப்
பதினாறாம் சேனல் போட்டுக் கொடுப்பேன்.

ஜெர்வாஸ் கேட்டது வேறு:
"பிளேன்காரன் பேசுறது கேக்கணும்."

நூற்றுப் பதினெட்டுக்கு மேலே, ஏ.எம்.மில்,
திருவனந்தபுரத்து எண்களை ஒவ்வொன்றாய் ஏற்றினேன்.
பேசும் பொத்தானைப் பூட்டினேன்; சட்டம் அப்படி.
டவர் குரல் இவ்வளவு தூரம் எட்டாது,
பறக்கிறவன் பதில் மட்டும்தான், என்றேன்.
"போதும்."

விடியப்புறம் மூன்றே முக்கால். கடற்சுவர்.
இரைச்சல், இரைச்சல்,
பிறகு தூக்கக் கலக்கமான இங்கிலீஷில் எவனோ
ஓர் எண்ணைச் சொன்னான், ஓர் உயரத்தைச் சொன்னான்.
ஜெர்வாஸ் டிக்கெட் நகலில்
விரல் வைத்துச் சரிபார்த்தார்.

வடமேற்கே சிவப்புப் புள்ளி ஒன்று
மினுங்கி மேகத்துக்குள் போனது.
பூட்டிய பொத்தானை அழுத்தி,
"மக்ளே, எதாச்சும் தின்னியா?" என்றார்.
பீப் என்று மறுத்தது செட்.
மறுபடி அழுத்தினார்.