நான்கு

முந்நூற்றுப் பதினான்கு ஆடுகளை
ஒரே பிப்ரவரியில் பனி தின்றது.
தோலை உரிக்கக்கூட எங்களுக்குக் கை வரவில்லை.

உலான்பாத்தரின் ஓரத்து மேட்டில்
கூடாரத்தை மறுபடி அடித்தோம்.
நிலக்கரி மூட்டை தூக்கப் போனான் லுவ்சான்.
முதுகு போனது முதலில்,
பிறகு பேச்சு.

நாயை வாங்க ஒருவன் வந்தான்,
மூன்று லட்சம் துக்ரிக் வரை ஏறினான்.
கொடுத்துவிடு என்றேன், நான்தான் சொன்னேன்.
லுவ்சான் கயிற்றை அவிழ்க்கவில்லை.

பாசருக்கு இங்கே மேய்க்க எதுவுமில்லை.
தண்ணீர் வரிசையில் கேன்களைச் சுற்றி வரும்.
சாயங்காலம் பிள்ளைகளைப் பேருந்திலிருந்து ஓட்டிவந்து
உள்ளே தள்ளி
மூக்கால் எண்ணும்: ஒன்று, இரண்டு,
அடுப்படியில் நான், மூன்று.
லுவ்சானுக்காகக் காத்திருக்கும்.

ஒரு ராத்திரி
நல்ல கோட்டை மடித்து வைத்துவிட்டு
ரயில் பாதைப் பக்கம் நடந்திருக்கிறான்.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

விடிகிற நேரம் கதவு இடிபட்டது.
அவன் கணுக்காலில் பல் தடம்.
ரத்தமில்லை;
பிரிந்து போகும் கிடாயைக்
கடிக்கும் அளவுக்குத்தான்.

மீசையெல்லாம் பனியாகப் பின்னால் பாசர்.
அவனை உள்ளே தள்ளி
மூக்கால் ஒரு தொடல்.

அப்புறம் நிலைப்படியிலேயே படுத்துக்கொண்டது.
அத்தனை குளிரிலும்
கதவைச் சாத்த முடியவில்லை,
வால் குறுக்கே கிடந்தது.